தண்ணீர் நிற்காத மேஜை

மெட்டில்டாவின் வீட்டில் முன்னறை என்று ஒன்றுதான் இருந்தது. அதில் பாதியை இப்போது ஒரு மேஜை பிடித்துக்கொண்டது. அரிசிப் பானை அடுப்படிக்குப் போனது. ஐந்து வயதுத் தம்பி வளன் மேஜைக்கு அடியிலேயே குடியேறிவிட்டான்.

மேஜையைக் கட்டியவர் அப்பா ரோச். தூத்துக்குடிக் கடற்கரையில் தோணி கட்டும் தச்சர். உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் ஒரு பெரிய மரம் சரிந்து அவர் முழங்காலில் விழுந்தது. காயம் ஆறியது. ஆனால் கால் மடங்கவில்லை. மடங்காத காலோடு தோணிக்குள் இறங்கி ஏறி வேலை செய்ய முடியுமா?

அப்போதுதான் நாசரேத் ஊரிலிருந்து தேவபிரசாதம் சார் வந்தார். அங்கே பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர்.

"நீங்க வளைக்காத பலகையா ரோச்? எனக்கு ஒரு கிட்டார் செஞ்சு தாங்க" என்றார். மாதிரிக்குத் தன் உடைந்த கிட்டாரையும் விட்டுவிட்டுப் போனார்.

பழைய தோணி ஒன்றின் பலகைகளைக் கொண்டு பத்து நாளில் அப்பா வேலை மேஜையைக் கட்டி முடித்தார். ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் அதை நிறுத்தினார். ரம்பம், உளி, இழைப்புளி எல்லாவற்றையும் மாட்டச் சுவரில் ஆணி அடித்தார்.

அப்பாவோடு தோணி கட்டிய செல்வதுரை வந்து மேஜையைத் தடவிப் பார்த்தார். "ஏலே ரோச்சு, தோணித் தளம் கணக்கால்லா இருக்கு! கடல்ல எறக்கிவிடு, கொழும்புக்கே போயிரும்."

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை மேஜையில் கவிழ்த்தார். "ஒரு சொட்டு நிக்குதா பாரு!"

தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து ஓடியது. அடியில் இருந்த வளன், "மழை! மழை!" என்று கத்தினான்.

எல்லாரும் சிரித்தார்கள். மெட்டில்டா மட்டும் சிரிக்கவில்லை. கொழும்பு என்ற பேரே அவளுக்குப் பிடிக்கவில்லை. மாதா படத்துக்குப் பின்னால் சித்தப்பாவின் கடிதம் இருந்தது. கொழும்பில் ஒரு கிட்டங்கியில் காவல் வேலை இருக்கிறது, சரக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம், வா என்று எழுதியிருந்தார்.

"கிட்டார் சரியா வந்தா இங்கனயே இருப்பேன். வரலன்னா அடுத்த தோணியில ஏறிருவேன்" என்று அப்பா சொல்லியிருந்தார்.

கிட்டாரின் முகம் ஒரே பலகை அல்ல. இரண்டு மெல்லிய பலகைகளைச் சேர்த்து நடுவில் ஒட்ட வேண்டும். கப்பலில் வந்த பெட்டி மரத்தை அப்பா மெல்லிசாக இழைத்தார். வச்சிரப் பசையைக் காய்ச்சி விளிம்பில் தடவினார். இரண்டையும் மேஜையின் நடுவில் சேர்த்துவைத்து, மேலே இரும்புக் கட்டிகளை ஏற்றினார்.

காலையில் பார்த்தால், ஒட்டிய இடம் வாயைப் பிளந்திருந்தது.

"வச்சிரம் சரியில்ல" என்றார் அப்பா. விளிம்பைச் சீவி மறுபடி ஒட்டினார். மறுபடியும் பிளந்தது.

"பெட்டி மரத்துல உப்பு ஏறியிருக்கும்."

அம்மா மெதுவாக, "வேற யார்ட்டயாவது கேட்டுப் பாருங்களேன்" என்றாள்.

"இருவது வருஷம் மரத்தோட கெடந்தவனுக்கு எவன் வந்து சொல்லித் தரணும்?"

அப்பா போட்ட சத்தத்தில் வளன் மேஜைக்கடியிலிருந்து தலையை நீட்டினான். உடனே உள்ளே இழுத்துக்கொண்டான்.

சீவச் சீவப் பலகையின் அகலம் குறைந்துகொண்டே வந்தது. அப்பா அதை உடைந்த கிட்டாரோடு வைத்து அளந்தார். "இன்னும் ஒரு தடவதான். அதுக்கு மேல அகலம் பத்தாது."

மறுநாள் மாலை அவர் புது வச்சிரம் வாங்கப் போயிருந்தார். மெட்டில்டா மேஜையின் நடுவில் சிலேட்டை வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

டக். டக். எழுதும்போதெல்லாம் சிலேட்டு ஆடியது.

"ஏலே வளன், அடியில என்ன பண்ணுதே?"

"நான் சும்மாத்தான் இருக்கேன்!"

சிலேட்டை டிரங்குப் பெட்டியின் மேல் வைத்தாள். ஆடவில்லை. மறுபடி மேஜையில் வைத்தாள். இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் தூக்கியது.

சொம்புத் தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடியது அவள் நினைவுக்கு வந்தது. நடுவில் மேஜை உயர்ந்திருக்கிறது! அப்படியானால் இரண்டு பலகைகளும் கூரையின் இரண்டு சரிவுகள் போல ஆளுக்கொரு பக்கம் சாயுமே. மேலே பாரத்தை ஏற்றினால் நடுவில் பிளக்காமல் என்ன செய்யும்?

ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று எழுந்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். அப்பா பத்து நாள் பாடுபட்டுக் கட்டிய மேஜை. வந்தவர் எல்லாரும் பாராட்டிய மேஜை. அது கோணல் என்று எப்படிச் சொல்வது?

அப்பா திரும்பி வந்ததும் சிலேட்டை நீட்டினாள்.

"அப்பா, இது வளைஞ்சிருக்கான்னு கொஞ்சம் பாருங்க."

அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைப் பார்த்தார். "நேராத்தானே இருக்கு."

"இங்கன வச்சா ஆடுதே."

அப்பா சிலேட்டை மேஜையில் வைத்தார். டக். திருப்பி வைத்தார். டக். பிறகு நீளமான மட்டக்கோலை எடுத்துக் குறுக்கே வைத்து, குனிந்து பார்த்தார். இரண்டு ஓரத்திலும் அடியில் வெளிச்சம் தெரிந்தது.

மட்டக்கோலை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தார். மெட்டில்டா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திடீரென்று அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "ஏளா, தோணித் தளம்னா தண்ணி நிக்கக் கூடாதுன்னு நடுவுல ஒசத்திக் கட்டுவோம். இருவது வருஷப் பழக்கம், கை அதுவா ஒசத்திருச்சு. வீட்டுக்குள்ள எங்கிட்டுளா மழை பெய்யுது?"

"பெய்யத்தான் செய்யும். ஓட்டுல ரெண்டு ஓட்டை இருக்கு. அதையும் பாருங்க" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

இரண்டு நாள் அப்பா மேஜையை இழைத்தார். வளன் மரச்சுருளைத் தலையில் வைத்துக்கொண்டு தாத்தா வேஷம் போட்டான். கடைசியில் அப்பா ஒரு டம்ளர் தண்ணீரை மேஜையில் ஊற்றினார். அது பரவி, அப்படியே நின்றது.

துடைத்துக் காயவிட்டு, பலகைகளை ஒட்டினார். மறுநாள் காலை மெட்டில்டாதான் அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நடுவில் ஊசி முனை அளவு வெளிச்சம்கூட வரவில்லை.

அப்போதுதான் மாதா படத்தைக் கவனித்தாள். பின்னால் ஒன்றும் இல்லை.

"அப்பா, கொழும்புக் கடுதாசி எங்க?"

"தரை ஒரு பக்கம் பள்ளமா இருந்துச்சுளா. மேஜைக் காலுக்கு அடியில பாரு."

நாலாக மடித்த கடிதத்தின் மேல் மேஜைக்கால் அழுத்தமாக நின்றது. மெட்டில்டா சிலேட்டை மேஜையில் வைத்துக் கணக்கை எழுதத் தொடங்கினாள். சிலேட்டு ஆடவே இல்லை.