ஆறு எண்களும் தவறு

காலை மணி 10.34. கூட்ட அறைக் கம்ப்யூட்டரின் புரொஜெக்டர் வெளிச்சத்தில், வெள்ளைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வரி விழுந்திருந்தது: 'குறியீடு தவறு. மீண்டும் முயலவும்.'

நாலாவது முறை.

எதிரே நூலகக் குழுவின் தலைவியும் உறுப்பினர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். புதிய நூலகத்தைக் கட்டும் பொறுப்பு யாருக்கு என்று இன்று முடிவாகும். படிக்கட்டே இல்லாமல், புத்தக அலமாரிகளைச் சுற்றிச் சுற்றி மேலேறும் சாய்தளம்தான் அவர்களை இங்கே இழுத்து வந்தது. சக்கர நாற்காலியில் இருக்கும் தன் அக்காவை நினைத்து வரைந்ததாக, கட்டட வடிவமைப்பு நிறுவனத்தின் முதலாளி விண்ணப்பத்தில் எழுதியிருந்தார்.

இன்று பேச வேண்டியதையும் அவர் சாட்பாட்டிடம் எழுதி வாங்கி, அதன் கணக்கிலேயே வைத்திருந்தார். சொந்தமாக நாலு வார்த்தை பேசச் சொன்னால் வியர்த்துக் கொட்டும் மனிதர். அவருக்கு இன்று விடிந்ததே சரியில்லை. ஒன்பதுக்கு ரிசப்ஷன் பெண்ணை, ஆறு நிமிடம் தாமதம் என்று காய்ச்சி எடுத்தார். பத்தரைக்கு வந்த விருந்தாளிகளையே, "வழியில நெரிசலோ?" என்று குத்தினார்.

"எவனோ என் கணக்கைத் திருடிட்டான்! ஒயர் அக்காவைக் கூப்பிடு!"

10.36. ஒயர் அக்கா வந்தார். அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். தோளில் எப்போதும் ஒரு சுருள் ஒயர் தொங்கும். பன்னிரண்டு வருடத்தில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று அவர் ஒருமுறைகூடத் தேடியதில்லை.

"பாஸ்வேர்டை ஏத்துக்கிச்சா சார்?"

"ஏத்துக்கிச்சு. போன்ல ஒரு ஆப் காட்டுற இந்த ஆறு எண்ணைத்தான் துப்புது."

"அப்ப திருட்டு இல்ல. திருடன்னா முதல்ல பாஸ்வேர்டை மாத்தியிருப்பான். உங்க லேப்டாப்ல?"

"அதுலயும் வெளிய தள்ளி வச்சிருக்கு. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

சாட்பாட்டின் இணையதளமே படுத்துவிட்டதா என்று ஒயர் அக்கா தன் போனில் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது. பிரவுசரின் பழைய குப்பையைத் துடைத்தார், வேறு பிரவுசரில் திறந்தார், இணைய இணைப்பை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை.

"போனைக் குடுங்க சார். அட, எழுத்து என்ன இவ்வளவு பெருசு?"

"கண்ணாடி உடைஞ்சு போச்சு. நேத்து சாயந்தரம் இவகிட்டக் குடுத்துப் பெருசாக்கச் சொன்னேன்."

மூலையில் வரைபடச் சுருள்களோடு நின்றிருந்த பெண்ணை அவர் கை காட்டினார். நிறுவனத்தின் படங்களை வரைபவள் அவள். தலை நிமிரவில்லை.

"அப்புறம் வேற யார் தொட்டாங்க? வீட்டுல?"

"நான் ஒண்டிக்கட்டை. ஆனா, இதோ எங்க அத்தான், பத்து மணிக்கு வாங்கி இந்த ரூமைப் போட்டோ எடுத்தாரு." முதலாளியின் பார்வையில் நெருப்பு பறந்தது. அத்தான் அவருடைய அக்காவின் கணவர், தொழிலில் பங்குதாரர். போன வாரம்தான் இருவரும் ஊரே கேட்கச் சண்டை போட்டிருந்தார்கள்.

"உன்னைக் கவுக்க நான் எதுக்குப்பா? அதுக்கு நீயே போதும்," என்றார் அத்தான்.

ஒயர் அக்கா போனைச் சுவர்க் கடிகாரத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

சுவரில் 10.44. போனில் 10.50.

"சார் கையில வாட்ச் கட்டுறதில்ல. எல்லாத்துக்கும் போன்தான். அந்த ஆறு எண்ணையும் போன் தன்னோட நேரத்தை வச்சுத்தான் உருவாக்குது. நேரம் தப்புன்னா எண்ணும் தப்பு. யாரோ வேணும்னே ஆறு நிமிஷம் முன்னால தள்ளி வச்சிருக்காங்க."

"அத்தான்தான்!"

"இல்ல சார். அவர் போனை வாங்கினது பத்து மணிக்கு. ரிசப்ஷன் பொண்ணு சரியா ஒன்பதுக்கு வந்தப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். அவளை ஆறு நிமிஷம் லேட்டுன்னு திட்டினீங்க. அப்பவே போன் முந்திப் போச்சு. அப்ப கை வச்சது நேத்து சாயந்தரம்."

எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள்.

"நான்தான்," என்றாள் அவள். "உங்க கணக்கை எல்லாக் கருவியிலேருந்தும் வெளிய தள்ளினதும் நான்தான்."

"நன்றி கெட்டவளே! போ வெளிய!"

"போறேன் சார். முதல்ல நீங்க உள்ள போங்க."

10.47. ஒயர் அக்கா நேரத்தைச் சரி செய்தார். முதலாளி புதிய எண்களை ஆத்திரத்தோடு தட்டினார். கணக்கின் கதவு திறந்தது.

தான் கவனிக்கத் தவறியது என்ன என்று ஒயர் அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. லேப்டாப் ஒழுங்காக இருந்திருந்தால், முதலாளி தயாராக வைத்திருந்த பக்கத்தை மட்டும் காட்டியிருப்பார். இப்போதோ சபை நடுவில், சுவரிலேயே, புதிதாக உள்ளே நுழைந்திருக்கிறார். பழைய உரையாடல்களின் பட்டியல் முழுவதும் இடது ஓரத்தில் விரிந்தது. சாட்பாட் தானாகவே சூட்டிய தலைப்புகள். அதற்கு யாரையும் காப்பாற்றத் தெரியாது.

தலைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, உரக்கப் படித்தார்.

"'ஊழியரின் அக்கா கதையை முதலாளியின் கதையாக மாற்றுதல்.' 'வரைபடங்களில் வரைந்தவர் பெயரை நீக்குதல்.' 'பெண் ஊழியரை வேலைநீக்கம் செய்யக் காரணங்கள்.'"

அத்தான் தொண்டையைக் கனைத்தார்.

"இவனுக்கு இருக்கிறது ஒரே அக்கா. அவ என் பொண்டாட்டி. இன்னிக்குக் காலைலகூட மூணு மாடி ஏறித் துணி காயப் போட்டா."

"சக்கர நாற்காலி எங்க அக்காவோடது," என்றாள் அவள். "எட்டு மாசம் வரைஞ்சது நான். எழுத்து பெருசாச்சான்னு பார்க்கத்தான் நேத்து அவர் போன்ல சாட்பாட்டைத் திறந்தேன். எங்க அக்காவையும் திருடினதைப் பார்த்தப்புறம் சும்மா விட மனசு வரல. நான் சொன்னா யார் நம்புவாங்க? அதான் அவர் கையாலேயே திறக்க வச்சேன்."

தலைவி நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளைப் பார்த்து உட்கார்ந்தார். "அந்தச் சுருளைப் பிரிம்மா. நீயே சொல்லு."

முதலாளி சுவரை மறைக்கப் பாய்ந்தார். தலைப்புகள் அவர் சட்டை மேல் விழுந்தன.

"ஒயரைப் புடுங்கு! சீக்கிரம் புடுங்கு!"

ஒயர் அக்கா நிதானமாக மேஜைக்கு அடியில் குனிந்தார்.

"எந்த ஒயருன்னு தேடிக்கிட்டே இருக்கேன் சார்."