பாதி பெர்த்

எதிர் சீட்டில் யாரும் இல்லை. ஆனால் ஆள் உட்கார்ந்த மாதிரி அதன் ரெக்சின் குழிந்திருந்தது. சேலத்தில் ரயில் ஏறியதிலிருந்து கிறிஸ்துதாஸ் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையில் மகள் வீட்டுக்குப் பயணம். கடைசி நேரத்தில் ஆர்.ஏ.சி.தான் கிடைத்தது. சைடு லோயரில் ஆளுக்குப் பாதி. மற்றவர் வராவிட்டால் இரண்டு சீட்டையும் இறக்கிச் சேர்த்துப் படுத்துவிடலாம்.

டி.டி.ஆர் வந்ததும் கேட்டார். "ஏனுங்க, எதிர்ல ஆள் வரலீங்களே. சீட்டை எறக்கிக்கட்டுங்களா?"

"நல்லா கேட்டீங்க பெரியவரே. அந்தம்மா குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காங்க. தள்ளி உட்டுட்டுப் படுப்பீங்களாக்கும்?" டி.டி.ஆர் காலி சீட்டின் பக்கம் குனிந்தார். "முத்தாயிதானுங்களே?" தலையாட்டிவிட்டுப் போனார்.

கிறிஸ்துதாஸ் கையை நீட்டி எதிர் சீட்டைத் துழாவினார். யாரும் இல்லை.

ஏற்காட்டு எஸ்டேட்டில் அவர் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தபோது, ஒரு மார்கழியில், காப்பிக்கொட்டை குடோனுக்குக் காவலாகக் கூலிவேலைக்கு வந்த கரடியூர் முத்தாயியைப் படுக்க வைத்தார். அவளையும் நம்பவில்லை. குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்து, கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனார். ராத்திரி அவள் கதவைத் தட்டியது அவர் வீடு வரை கேட்டது. கொட்டை திருட வழி பார்க்கிறாள் என்று புரண்டு படுத்தார். விடிந்தபோது கரிப்புகையில் மூச்சடைத்து, கதவடியில் பிணமாகக் கிடந்தாள். போலீஸ் வருமுன் பூட்டைக் கழற்றி ஒளித்தார். அவளே உள்தாழ் போட்டிருந்தாள் என்றார். நம்பினார்கள்.

விளக்குகள் அணைந்தன. பெட்டி முழுக்கக் குறட்டை. சக்கரச் சத்தத்துக்கு நடுவே ஈரக் காப்பித்தோலின் புளித்த வாடை மெல்ல வந்தது, அதன் பின்னால் கரிப்புகை வந்து தொண்டையில் உட்கார்ந்தது. ஜன்னலைத் திறக்கக் கை நீட்டினார். ஜன்னலின் இரும்பு ஷட்டர் தானாக இறங்கியது.

காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. அவருடைய உள்ளங்கால்களில் இரண்டு சில்லிட்ட உள்ளங்கால்கள் அழுந்தியிருந்தன.

சீட்டுகள் மெதுவாக இறங்கின. ஒன்றாகச் சேர்ந்தன.

"படுங்க ரைட்டரய்யா. நொம்ப நேரமா உக்காந்திருக்கீங்க."

"முத்தாயி... சாமி, என்னை உட்ரு."

"நானு காவலிருக்கறனுங்க. வெளிய பூட்டிக்கறேன்."

பூட்டு விழுந்தது.

நடைவழிப் பக்கம் துழாவினார். பலகை. மரக்கதவு. அதில் வரிவரியாக நகக்கீறல்.

புகை. மூச்சு இல்லை.

மேல் பெர்த்தை இரண்டு கையாலும் தட்டினார். தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

மேலே இருந்தவர் புரண்டு படுத்தார்.