வெறும் தண்ணீர்

வெறும் தண்ணீர் விட்ட டியூபில் மனிதன் இருப்பதாக மெஷின் மறுபடியும் சொன்னபோது, லேப் டெக்னீஷியனான அவளுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஒவ்வொரு சோதனையிலும் நோயாளியின் எச்சிலோடு, வேறெதுவும் கலக்கவில்லை என்று உறுதிசெய்ய ஒரு தண்ணீர் டியூபும் உள்ளே போகும். மனித டிஎன்ஏ இருந்தால் திரையில் பச்சைக் கோடு எழும். சைட்டோமெகலோ வைரஸ் இருந்தால் சிவப்பு. தண்ணீரில் எதுவும் எழக்கூடாது. எழுந்தால் மொத்தமும் குப்பைக்குத்தான். இன்றைக்கென்று பார்த்து, பக்கத்து டியூபில் இருப்பது அவள் தங்கை பெற்ற குழந்தையின் எச்சில். வைரஸ் இருந்தால் உடனே மருந்து தொடங்க வேண்டும். தாமதித்தால் காது போகலாம்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?" வார்டு டாக்டர் போனில் கடுகடுத்தார்.

"தண்ணியே சரியில்ல சார்."

"அப்போ தண்ணிய மாத்துங்க!"

மாற்றாமலா இருக்கிறாள்? புது பாட்டில், புதுக் கையுறை, உறை பிரிக்காத டியூப்கள் என்று எல்லாம் மாற்றி, ப்ளீச் நெடியில் கண் கரிக்கக் கரிக்க மேஜையை மூலைமுடுக்கெல்லாம் துடைத்து, அதன்பிறகும் அந்தப் பாழாய்ப்போன பச்சைக் கோடு முன்பைவிடச் சீக்கிரமாக எழுந்தது. கூடவே சிவப்பும்.

குழந்தையின் டியூபிலோ பச்சை மங்கிக்கொண்டே வந்தது. எச்சில் போதவில்லை போல என்று மாடியேறி வார்டுக்குப் போய், தானே பஞ்சுக்குச்சியால் வாயைத் துடைத்து எடுத்தாள்.

"எத்தனை தடவைக்கா குழந்தைய படுத்துவ?" என்றாள் தங்கை.

"இதான்டி கடைசி."

மெஷின் ஓடி முடித்தது. தண்ணீரில் இரண்டு கோடுகளும் செங்குத்தாக நின்றன. குழந்தையின் டியூபில் சிவப்பு இல்லை. பச்சையும் இல்லை. தன் கையால் எடுத்த எச்சில். அதில் மனிதனே இல்லை. இதை யாரிடம் சொல்வது?

போன் அடித்தது. தங்கை.

"அக்கா, இவன் பால் குடிக்க மாட்டேங்கிறான். வாயத் திறந்தா தண்ணியா கொட்டுது. துடைக்கத் துடைக்க நிக்கல. மேல வாக்கா!"

அவள் மெஷினைத் திறந்தாள். தண்ணீர் டியூபை எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. அதன் மூடி உள்ளே குழிந்தது. நிமிர்ந்தது. மறுபடி குழிந்தது.

மூடி மேல் விரலை வைத்தாள்.

உள்ளிருந்து, பசியோடு, அது சப்பியது.