முப்பத்தொரு வண்டிகள்

கார்ப்பெற்றில் இரண்டு கோடுகள் விழுந்திருந்தன. வாசலில் தொடங்கி, ஹோலைக் கடந்து, மகள் தக்ஷிகாவின் அறைக்கு நேராகப் போயின. நிரூபன் காலால் தேய்த்துப் பார்த்தான். அழியவில்லை. வக்கூம் பிடிக்கத் தெரியாத மனைவி என்று மனதுக்குள் வைதபடி மடிக்கணினியைத் திறந்தான்.

றொனால்டின் மின்னஞ்சல். அமெரிக்காவில், ஒரேகனில் ஓய்வுபெற்று வாழும் கிழவர். மாட்டுவண்டி கட்டி மேற்கே போன தன் முன்னோரின் கதையையும் படங்களையும் தேடித்தரக் காசு கொடுத்து நிரூபனைப் பிடித்தவர். இந்தக் கூட்டமே இப்படித்தான். நிலத்துக்கு அலைந்தவனையெல்லாம் வீரனாக்கித் தரவேண்டும். நிரூபனும்தான் ஊரைவிட்டு ஓடிவந்தான். எவன் வரலாறு எழுதினான்?

அந்த முன்னோரில், வழியில் வாந்திபேதியில் இறந்த ஏழு வயது லிடியாவுக்கு மட்டும் படம் கிடைக்கவில்லை. கிழவர் கெஞ்சினார். தக்ஷிகாவுக்கும் ஏழு வயது. அவள் படத்துக்குக் கணினியில் தொப்பி மாட்டி, முகத்தை வெளிறவைத்து, பழுப்பேற்றி அனுப்பிவிட்டான்.

‘என் பாட்டியின் அதே கண்கள்! சட்டம் போட்டு, பூவும் வைத்துவிட்டேன்’ என்று உருகியிருந்தார் கிழவர். நிரூபன் வாய்விட்டுச் சிரித்தான். கீழே இன்னொரு வரி: ‘ஓநாய் தோண்டாதிருக்க, அவளைப் பாதையிலேயே புதைத்து, முப்பத்தொரு வண்டிகளையும் மேலே ஓட்டிப் போனார்களாம்.’

வேலையிலிருந்து மனைவி சுபாங்கி அழைத்தாள்.

“பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதோ?”

“நித்திரை. இஞ்சை கேளும், உம்மட மகள் இப்ப அமெரிக்காக்காரி!” கதையைச் சொன்னான்.

அவள் சிரிக்கவில்லை. “செத்த பிள்ளையெண்டு சொல்லி உயிரோடை இருக்கிறவளின்ர படத்தைக் குடுத்தனீங்களோ? பூவும் வைச்சிட்டாரோ? உங்களுக்கென்ன விசரோ? உடனை எடுக்கச் சொல்லுங்கோ!”

“உந்தக் கதையைக் கோயிலடியிலை போய்ச் சொல்லும்.”

வைத்துவிட்டான்.

அப்போதுதான் அந்தச் சத்தம், எண்ணெய் காணாத அச்சாணி முனகுவதுபோல, வாசற்பக்கம் மெல்லத் தொடங்கி, சுவரோரம் ஊர்ந்து, அவன் முதுகுக்குப் பின்னால் தரை அதிர நகர்ந்தது. கூடவே பூட்டிய ஜன்னல்களுக்குள் எங்கிருந்தோ சாணியும் நனைந்த மாட்டுத்தோலும் நாறின. பனி தள்ளும் வண்டியாக்கும். எட்டிப் பார்த்தான். வெளியே மில்லிக்கன் தெருவில் பகல் வெயில். பனியே இல்லை.

திரும்பினான். கோடுகள் இப்போது விரல் ஆழம்.

மறுபடி முனகல். வாசல். ஹோல். மகளின் கதவு.

“தக்ஷி?”

மடிக்கணினிக்குப் பாய்ந்தான்.

‘படத்தை எடுத்துவிடுங்கள்’ என்று தட்டினான். அனுப்பினான். உடனே பதில்: ‘எந்தப் படம்? சட்டம் வெறுமையாக இருக்கிறதே.’

ஓடினான். கதவைத் தள்ளினான்.

கட்டில் இல்லை. சுவருக்குச் சுவர் ஈரமண். மட்டமாக. நடுவே இரண்டு தடங்கள்.

விழுந்து தோண்டினான். நகம் பிய்ந்தது. மண் கல்லாய் இறுகியிருந்தது. அடியில் யாரோ சுரண்டினார்கள்.

“அப்பா… ஹெவியா இருக்கு…”

பின்னால் வாசற்கதவு அகலத் திறந்தது. மாடுகளின் மூச்சு பிடரியில் சுட்டது.

மூன்றாவது வண்டி.