கடல் தொடக் கூடாத கல்

காலை பத்து மணிக்கு மேட்டின் மேல் வந்து சேர்ந்தோம். கடலுக்கடியில் கிடக்கும் மலை அது. உச்சியே, பாகத்துக்கு ஆறடி கணக்கில், முந்நூறு பாகம் ஆழத்தில் இருக்கிறது. நல்ல வெயில், துளிக் காற்று இல்லை. ஆழத்தில் வாழும் செர்னி மீன் பிடிக்க இதைவிடத் தோதான நாள் கிடைக்காது. படகில் அமாருவும் நானும் மட்டும். படகு அவருடையது. வாய்க்கொழுப்பு பிடித்த மனிதர். அவரிடம் யாரும் ஆறு மாதத்துக்கு மேல் தங்கியதில்லை.

எங்கள் பீக்கு தீவில் ஆழத்துக்கு ஈயம் கட்டுவதில்லை, கல்தான். நைந்த சணலில் கல்லைக் கட்டித் தூண்டில் நரம்போடு இறக்குவோம். தரை தட்டியதும் ஒரு சுண்டு சுண்டினால் சணல் அறும். கல் அங்கேயே கிடக்கும். அன்று கல் மூட்டையை அமாருவே கொண்டுவந்திருந்தார். நான் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொடுத்தேன்.

நாலாவது கல்லை அவர் விளிம்புக்கு மேல் தூக்கியபோதுதான் அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பெயின்டில் ஒரு சிலுவை. கீழே ஒலிவேரியுவின் பெயர்.

கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்கு அமாருவின் வீட்டுக்கு எதிரே உள்ள கரை முனையில் பெயர் எழுதிக் கல் நடுவோம். அந்தக் கல்லைக் கடல்நீர் தொடக் கூடாது. தொட்டால், செத்தவன் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வானாம்.

"அண்ணே, இது ஒலிவேரியுவோட கல்லு!"

"தெரிஞ்சுதான்டா எடுத்தேன். தினம் சன்னலைத் தொறந்தா அவன் மூஞ்சியில முழிக்க வேண்டியிருக்கு." தண்ணீரைப் பார்த்துக் கத்திக்கொண்டே கல்லைக் கைவிட்டார். "போடா, உன் கல்லை நீயே வச்சுக்க!"

அந்தக் கல்லைக் கட்டிக்கொடுத்தவன் நானல்லவா. போன வருடம் இதே மேட்டில் கல் இறங்கும் வேகத்தில் ஒலிவேரியுவின் உள்ளங்கையில் தூண்டில் முள் ஏறி, அவனைக் கடலுக்குள் இழுத்துப்போனது. பக்கத்தில் நின்ற அமாருவின் இடுப்பில் கத்தி இருந்தது. நரம்பை அறுக்க நேரமில்லை என்று கரையில் வந்து சொன்னார். ஒருவரும் நம்பவில்லை.

நரம்பு ஓடியது. நூறு பாகம். நூற்றைம்பது.

நின்றுவிட்டது.

அங்கே தரை கிடையாது.

"மீனுதான்," என்றார் அமாரு. குரலில் பழைய கொழுப்பு இல்லை.

நரம்பு தொய்ந்தது. சுருள் சுருளாகத் தண்ணீர்மேல் வந்து மிதந்தது. நாங்கள் இழுக்காமலே கீழிருந்து ஏதோ ஏறி வந்துகொண்டிருந்தது. ஆழத்துச் சேற்றின் நாற்றம், கூமுட்டையை உடைத்ததுபோல, படகைச் சூழ்ந்தது.

"வேணாம்ணே. அறுத்து விட்டுட்டுப் போயிருவோம்."

"பயந்தாங்கொள்ளி! புது நரம்புடா இது." குனிந்து அள்ளினார்.

முள் அவர் உள்ளங்கையில் ஏறியது.

"அறு! திபூர்சியு, அறுடா!"

அறுத்தேன். சத்தியமாக அந்த நொடியே அறுத்தேன். அறுந்த துண்டு நழுவித் தண்ணீருக்குள் போனதைக் கண்ணால் பார்த்தேன்.

அவர் கை மட்டும் கீழ்நோக்கி நீண்டுகொண்டே போனது.

மணிக்கட்டில் தோல் அமுங்கியது. விரல் விரலாக.

அவர் காலைக் கட்டிப் பிடித்தேன். பூட்ஸ்தான் என் கையில் மிஞ்சியது.

கரையில் நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். ஒலிவேரியுவின் மனைவி இடலீனா முன்னால் வந்து நின்றாள்.

"நேரமில்லைன்னு நீயும் சொல்லப்போறியா?"

"இல்லக்கா. நான் அறுத்தேன்."

"அப்ப கல்லைக் கட்டினது யாரு?"



ஒலிவேரியுவுக்குப் புதுக் கல்லும் அமாருவுக்கு ஒன்றுமாக ஊரார் நட்டார்கள். நான் கடலுக்குப் போவதை அன்றோடு விட்டேன். படகுத்துறைப் பக்கம்கூடப் போவதில்லை.

இன்று காலை முனையில் அந்த இரண்டு கற்களுக்குப் பக்கத்தில் மூன்றாவது ஒன்று நின்றது.

ஊரில் யாரும் காணாமல் போகவில்லை. வீடு வீடாகக் கேட்டுவிட்டேன். மூன்றாவது கல்லில் இன்னும் பெயர் எழுதவில்லை. நடுவெயிலிலும் அதிலிருந்து உப்புநீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் நைந்த சணல் கட்டியிருந்தது.

முடிச்சு என்னுடையது.