கதண்டும் காந்தமும்

கோட்டைப்பட்டினத்தில் கயிறும் வலையும் விற்கும் ஹாஜா முகைதீனிடம் பேரம் பேசி ஜெயித்தவர் கிடையாது. அவர் மகள் நாஜியா படிப்பது ஐந்தாம் வகுப்புதான். ஆனால் பேச்சில் அத்தாவையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளிடம் மாட்டியவன் எதிர்வீட்டு வசந்தகுமார். அவனிடம் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று இருந்தது. கயிற்றில் கட்டி மணலில் இழுத்தால் ஆணி, தூண்டில் முள், எப்போதாவது ஒரு ரூபாய்க் காசுகூட வந்து ஒட்டும்.

“எங்க கொல்லையில கொடுக்காப்புளி மரம் இருக்குல்ல? ஒரு வாரத்துக்கு அது ஒன்னோடது. காந்தம் என்னோடது,” என்றாள் நாஜியா.

“ஒரு வாரமா? பத்து நாளு!”

“எட்டு. தொரட்டியும் தாரேன்.”

“பழம் நெறைய இருக்கா?”

“செவந்து வெடிச்சுத் தொங்குது!”

அது உண்மை. இலைகளுக்குள் மறைந்து, பானை அளவுக்கு ஒரு கதண்டுக் கூடு தொங்கியதும் உண்மை. முந்தின நாளே அவள் அதைப் பார்த்துவிட்டாள். கட்டைவிரல் நீளக் குளவிகள். கூட்டமாகக் கொட்டினால் பெரிய ஆளையே சாய்த்துவிடும்.

ஆனால் அவன் பழத்தைப் பற்றித்தானே கேட்டான்? கதண்டைப் பற்றிக் கேட்கவில்லையே!

மறுநாள் காலை, நாஜியா வாசலில் காந்தத்தால் ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தாள். வசந்தகுமார் தொரட்டியோடு வந்தான். பின்னால் அவன் தங்கை சுடர்விழி. புத்தகங்களைக் கொட்டிவிட்டு, காலிப் பள்ளிப் பையை மாட்டியிருந்தாள்.

“நாஜியாக்கா! ஒனக்கும் ஒரு கை கொண்டாரேன்!”

இருவரும் கொல்லைப் பக்கம் போனார்கள். நாஜியா ஆணிகளை எண்ணினாள். ஒன்று, இரண்டு… மூன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை. எழுந்து ஓடினாள்.

தொரட்டி நடுக்கிளையில் மாட்டியிருந்தது.

“இழுக்காதடா! கதண்டு!”

வசந்தகுமார் தொரட்டியை விட்டுவிட்டுத் தங்கையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கிளை ஒரு ஆட்டம் ஆடியது. ஒரே ஒரு கதண்டு, யாரோ விலாசம் சொல்லி அனுப்பியதுபோல் வந்து, நாஜியாவின் காதில் கொட்டிவிட்டுப் போனது.

காது ஆப்பமாக உப்பியது. டாக்டர் ஊசி போட்டார்.

இருட்டத் தொடங்கியதும் தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். உடம்பு முழுக்க மூடிய உடுப்போடு கூட்டை எரித்து அகற்றினார்கள்.

“எவ்வளவு தரணும்? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க,” என்றார் அத்தா.

“ஒண்ணும் வேணாங்க.”

பேரம் பேச வழியில்லாமல் அத்தா திகைத்து நின்றார்.

வசந்தகுமாரின் அம்மா புவனேஸ்வரி, நாஜியாவின் கன்னத்தைத் தடவினார். “ஒன்னாலதான் தாயி எம்புள்ளைக தப்பிச்சுதுக.”

“கெட்டிக்காரப் புள்ள!” என்றது தெரு.

நாஜியாவுக்குக் காது வலித்தது. அந்தப் பாராட்டு அதைவிட எரிந்தது.

“எனக்கு முன்னாடியே தெரியும்,” என்றாள்.

“என்னாது?”

“கூடு இருக்குறது. வியாழக்கிழமையே பாத்தேன். காந்தம் கெடைக்காமப் போயிருமேன்னு சொல்லல.”

புவனேஸ்வரி கையை எடுத்துக்கொண்டார். அத்தா மகளைப் பார்க்கவில்லை. தன் செருப்பையே பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வசந்தகுமார் கையை நீட்டினான். நாஜியா தலையைக் குனிந்துகொண்டு காந்தத்தை அதில் வைத்தாள். ஒரு ஆணி அதில் ஒட்டிக்கொண்டே போனது.

இரண்டு நாள் அவள் வாசல் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“மரத்த நீங்களே வச்சுக்கங்க. எனக்குக் காந்தம் வேணாம்.”

கதவு பாதிதான் திறந்தது. “அதுல வேற என்னென்ன இருக்கு?” என்றான் வசந்தகுமார்.

“கட்டெறும்பு இருக்கு. முள்ளு கையக் கிழிச்சிரும். மேற்குக் கிளை உளுத்துக் கெடக்கு, தொரட்டி போடாத. அங்கிட்டு இருக்குற பழம் தொவர்க்கும். அடியில எங்க ஆட்டுப் புழுக்கை கெடக்கு. இன்னும்…”

“போதும்! இம்புட்டுக் கொற சொன்னா எவன் வாங்குவான்?”

அதற்குள் வீட்டுக்குள்ளே புத்தகங்கள் தடதடவென்று கொட்டும் சத்தம் கேட்டது. அண்ணனை இடித்துத் தள்ளிக்கொண்டு, காலிப் பையோடு வெளியே ஓடி வந்தாள் சுடர்விழி.