பாட்டுப் போடாத சிவப்புக் கார்

பகல் ஒன்று இருபதுக்கு அந்தச் சிவப்புக் கார் எரிந்தது. அதைப் பழுதுபார்த்தவர் இறந்து அப்போது பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது.

கார் எரிந்தது பெரிய சிக்னலில். இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு ஒட்டிக் கிடக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். முப்பத்தைந்து வயது. ஓட்டி வந்த பல் டாக்டர் கதவைத் திறந்துகொண்டு குதித்துவிட்டார். மறுபக்கம் இறங்கி முன்பக்கமாகச் சுற்றி ஓடிய அவர் மனைவியின் முன்கையைத் தீ நக்கிவிட்டது. எதிரே நின்ற தண்ணீர் லாரிக்காரர் குழாயைத் திருப்பியதால் எஞ்சினோடு தீ அடங்கியது. உட்புறம் நனைந்ததே தவிர, கருகவில்லை.

மெக்கானிக் இறந்தது மருத்துவமனையில். மாரடைப்பு. நாற்பத்து நான்கு வயது. எஞ்சின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த சிலிண்டர் முரண்டு பிடிக்கிறது என்று சொல்லிவிடுவார் என்பதால் அவரைக் ‘காது’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவருக்கு உறவென்று இருந்தது ஒரே ஒரு அக்கா. அடுத்த தெருவில் சலவைக்கடை வைத்திருப்பவள்.

ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை காலை 9.15. இன்ஸ்பெக்டர் சலவைக்கடைக்கு வந்தார். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“நாளைக்கு மத்தியானம் அறிக்கை போகுதும்மா. அடுத்தவங்க சொல்லி உங்க காதுல விழறதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு வந்தேன்.”

“என் தம்பி மேலயா எழுதியிருக்கீங்க?”

“ரெகுலேட்டர்னு ஒரு சாமான். பெட்ரோல் அழுத்தத்தை அளவா வச்சுக்கிறது. எஞ்சின் மேல ரெண்டு போல்ட்டுல நிக்குது. அதைத்தான் அன்னிக்கு உங்க தம்பி புதுசா மாத்தினார். ஒரு போல்ட் நல்லா இறுகியிருக்கு. இன்னொண்ணு விரலாலயே கழண்டு வருது. அங்கேதான் பெட்ரோல் கசிஞ்சிருக்கு.”

“அவன் அப்படி விடமாட்டான்.”

“உடம்பு முடியாத நேரம். மறந்திருக்கலாம்.”

“டாக்டர் என்ன சொல்றார்?”

“பதினொண்ணு ஐம்பதுக்குப் பட்டறைக்குப் போனாராம். வேலை முடிஞ்சது, எடுத்துக்கலாம்னு சொல்லி உங்க தம்பி சாவியைக் குடுத்தாராம். வேற வேலையா வெளிய போயிட்டு, பன்னிரண்டே முக்காலுக்கு வந்து காரை எடுத்தாராம். நடுவுல, பன்னிரண்டு அஞ்சுக்குத்தான் உங்க தம்பி விழுந்தார். பட்டறைக் கூட்டாளி அவரோடவே ஆம்புலன்ஸ்ல போயிட்டார்.”

“சாவி குடுத்ததை யார் பார்த்தா?”

“யாரும் பார்க்கலை. கூட்டாளி உள் ரூம்ல போன்ல. பட்டறை பெயின்டர் முகமூடி மாட்டிக்கிட்டு பெயின்ட் ரூம்ல. டாக்டர் வந்து காரை எடுத்தப்பவும் பெயின்டர் அங்கேதான்.”

“அப்போ சாட்சி என் தம்பி ஒருத்தன்தான்.”

இன்ஸ்பெக்டர் எரிந்த காரின் புகைப்படங்களை மேசைமேல் வைத்தார். அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏழாவது படத்தில் ஒரு சிறு பெட்டி. மூடியின் உட்புறம் பொடி எழுத்தில் ஒரு அட்டவணை. பெட்டிக்குள் மஞ்சள், நீலம், சிவப்பு என்று நகத்தளவு சதுரங்கள், பல் வரிசை மாதிரி. நடுவில் ஒன்று மட்டும் இல்லை.

“ஃபியூஸ் பெட்டி. ஓட்டுறவர் பக்கத்து சீட்டுக்குக் கீழே. எல்லாம் சரியாத்தான் இருக்கு. பழைய கார், ஒண்ணு ரெண்டு காலியா இருக்கும்” என்றார் அவர். பிறகு அவர் கண் அலமாரிக்குப் போனது. “அது என்ன பை?”

“தம்பி போட்டிருந்த துணி. ஆஸ்பத்திரியில சீல் வச்சுக் குடுத்தாங்க.”

“இன்னும் பிரிக்கலையா?”

“ஊர்ப் பாக்கெட்டை எல்லாம் திருப்பிப் போடறேன். இதுல மட்டும் கை போக மாட்டேங்குது சார்.”

போலீஸ்காரருக்கு எழுத்து கண்ணில் பட்டால் வாசிக்காமல் இருக்க முடியாது. பையில் ஒட்டியிருந்த சீட்டை அவர் உரக்கப் படித்தார். “சட்டை ஒண்ணு, பேன்ட் ஒண்ணு, கைக்கடிகாரம் ஒண்ணு, வீட்டுச் சாவி ஒண்ணு, சட்டைப் பையில மஞ்சள் பிளாஸ்டிக் துண்டு சின்னது ஒண்ணு. நேரம் 12.40. நர்ஸ் கையெழுத்து.” சீட்டை நீவிவிட்டார். “பேனா மூடி கீடி இருக்கும். வரேம்மா.”

அக்காவுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. விரலால் கழன்ற அந்தப் போல்ட்டிலேயே மனம் சிக்கிக் கிடந்தது.

காலை 11.00. பட்டறை. வாசலுக்கு மேல் தம்பியின் பெயர் எழுதிய பலகை. பெயின்டரின் கைவண்ணம். உள்ளே கூட்டாளி ஒரு தாளை முன்னால் வைத்துக்கொண்டு பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

“என்ன அது?”

“அக்கா, கோபப்படாதீங்க. அவர் கவனக்குறைவுதான்னு நான் எழுதிக் குடுத்துட்டா கடையை மூட மாட்டாங்களாம். பலகையை மட்டும் மாத்தச் சொல்றாங்க. போனவருக்கு இதுல என்னக்கா குறைஞ்சிடப் போகுது?”

“போனவனுக்கு இப்ப மிச்சம் இருக்கிறதே அந்தப் பேர் ஒண்ணுதான்டா. அதையும் உருவிட்டா அவன்கிட்ட என்ன இருக்கு?”

கூட்டாளி தலையைக் குனிந்துகொண்டார். அழுதழுது அவர் கண்ணிமைகள் வீங்கியிருந்ததை அக்கா அப்போதுதான் கவனித்தாள். குரலைத் தணித்துக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“அந்த ரெகுலேட்டரை எப்படி மாத்துவீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

“கார் கரும்புகையா கக்குச்சு. ரெகுலேட்டர்ல இருந்து வர சின்ன ரப்பர் குழாயை உருவி மோந்து பார்த்தார். காத்து மட்டும் இருக்க வேண்டிய குழாய்ல பெட்ரோல் வாசனை. உள்ளே ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு அப்பவே சொல்லிட்டார். மாத்தறதுக்கு முதல்ல பெட்ரோல் பம்போட ஃபியூஸைப் பிடுங்கணும். எஞ்சினை ஓட விட்டா குழாய்ல மிச்சம் இருக்கிறதைக் குடிச்சிட்டு அதுவா நின்னுடும். இல்லேன்னா கழட்டினதும் மூஞ்சியில பீய்ச்சி அடிக்கும். அப்புறம் பழசைக் கழட்டி, புது ரப்பர் வளையத்துல எண்ணெய் தடவி, புதுசை உட்கார வச்சு, ரெண்டு போல்ட்டையும் முதல்ல விரலாலேயே திருகி, பிறகு ஒண்ணொண்ணா ஸ்பானர் போட்டு இறுக்கணும்.”

“ஃபியூஸ்?”

“கடைசியில திரும்ப மாட்டணும். அது இல்லாம பம்ப் ஓடாது. கார் சும்மா உறுமும், எழுந்திருக்காது.”

பெயின்டர் முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்தார். “தொலைஞ்சாலும் கவலையில்லைக்கா. இந்தா, என் ரூம் வாசல்லயே டிராயர் நிறைய வச்சிருக்கோம். மஞ்சள், நீலம், பச்சை, மிட்டாய்க்கடை மாதிரி. காது அண்ணன் கலருக்கு ஒரு டப்பா போட்டு வச்சிருப்பார். கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துடலாம்.”

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். மூன்று பேரும் சிரிக்கவில்லை.

மாலை 4.30. டாக்டர் வீடு. அவருடைய வெள்ளைக் கோட்டுகளுக்குச் சலவை அக்கா கடையில்தான். கட்டுப் போட்ட கையோடு டாக்டரம்மா கதவைத் திறந்தாள்.

“நீங்க எதுக்குங்க வந்தீங்க, இந்த நேரத்துல? உட்காருங்க.”

“கை எப்படி இருக்கும்மா?”

“ஆறிட்டு வருது. உங்க தம்பியைப் பத்தி இவர் சொல்றதை என்னால நம்பவே முடியலை. எத்தனை வருஷமா பார்த்த வண்டி!” கோட்டுகளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “அன்னிக்கு எல்லாமே கெட்ட சகுனமாத்தான் இருந்திருக்கு. கார்ல ஏறினா இவருக்கு முதல்ல பாட்டு வேணும். எனக்குக் காது வலிக்கும். அன்னிக்குப் பாட்டே போடலை. பெட்ரோல் வாசனை வருதுங்கன்னேன். இந்தக் காரைப் பத்தி எனக்குத் தெரியாததா, பேசாம வான்னார். அடுத்த சிக்னல்ல...” அவள் கையைப் பார்த்துக்கொண்டாள்.

அக்கா திரும்பும் வழியெல்லாம் அந்தப் பாட்டு இல்லாத கார் கூடவே வந்தது. கடையைத் திறந்தாள். அலமாரியில் பை. இஸ்திரி மேசையில் அவள் பாக்கெட்டுகளிலிருந்து எடுத்து வைக்கும் கண்ணாடிச் சீசா: பித்தான், பஸ் டிக்கெட், திருகாணி. திருகாணி முக்கால்வாசி தம்பியுடையது. ஒருமுறை காலை ஆறு மணிக்கு ஓட்டமாக ஓடி வந்து, ஊறவைத்த வாளியில் கையை விட்டுத் துழாவினான். “அக்கா, அதைக் குடு! அது இங்க கிடந்தா அங்க வண்டி எழுந்திருக்காது!”

அப்போது அவள் கையில் எடுத்துக் கொடுத்தது என்ன நிறம்?

அக்கா பையின் அருகே போனாள். தொடாமல், சீட்டை மட்டும் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலை 10.30. பட்டறை. இன்ஸ்பெக்டர், கூட்டாளி, பெயின்டர், டாக்டர், டாக்டரம்மா. அக்கா பையை மேசைமேல் வைத்தாள்.

“சீலைப் பாருங்க சார். உடைஞ்சிருக்கா?”

“இல்லை.”

“அப்போ நீங்களே பிரிங்க. சட்டைப் பையை மட்டும் நான் பார்க்கறேன். அது என் தொழில்.”

நீல வேலைச் சட்டை. எண்ணெயும் வியர்வையும் கலந்த அந்த வாசனை எழுந்ததும் கூட்டாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா இரண்டு விரலைப் பைக்குள் விட்டாள். வெளியே வந்தது நகத்தளவு மஞ்சள் சதுரம். அடியில் இரண்டு உலோகக் கால்கள். மேலே ‘20’ என்ற எண்.

“ஃபியூஸ்!” என்றார் கூட்டாளி. “பம்ப் ஃபியூஸ்!”

“பெட்ரோல் வேலைன்னா என் தம்பி முதல்ல இதைப் பிடுங்கி நெஞ்சுப் பையில போட்டுக்குவான். ரெண்டு போல்ட்டும் இறுகி, கசிவு பார்த்த பிறகுதான் திரும்ப மாட்டுவான். அவன் பாக்கெட்ல இது இருக்கிற வரைக்கும் வேலை முடியலைன்னு அர்த்தம். வண்டியை யாரும் எடுக்கக் கூடாதுன்னு அர்த்தம்.” அக்கா டாக்டரைப் பார்த்தாள். “பதினொண்ணு ஐம்பதுக்கு வேலை முடிஞ்சதுன்னு சாவி குடுத்தான்னீங்க. சாவியை உங்க கையில குடுத்துட்டு வண்டியோட உயிரை மட்டும் தன் பாக்கெட்ல வச்சுப்பானா சார்?”

டாக்டர் தொண்டையைச் செருமினார். “ஏம்மா, கார் ஓடியிருக்கே. அப்போ பெட்டியில ஒரு ஃபியூஸ் இருந்திருக்கு. உங்க ஆளுங்கள்ல ஒருத்தர் வேற போட்டிருப்பாங்க.”

“கூட்டாளி பன்னிரண்டு பன்னிரண்டுக்கு ஆம்புலன்ஸ்ல ஏறினான். என் தம்பி கண்ணை மூடற வரைக்கும் கையை விடலை.”

“அப்போ பெயின்டர்.”

“ஆமா, நான்தான் மிச்சம்” என்றார் பெயின்டர். “பல்லைக் காட்டவா டாக்டர், அதையும் பார்த்துடறீங்களா?”

இன்ஸ்பெக்டர் கொண்டுவந்திருந்த படங்களில் ஏழாவதை அக்கா எடுத்தாள். “சார், மூடியில இருக்கிற அட்டவணையைப் படிங்க. ரெண்டாவது இடம்?”

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “பெட்ரோல் பம்ப். இருபது. மஞ்சள்.”

“படத்துல என்ன கலர் இருக்கு?”

“நீலம்.” அவர் நிமிர்ந்தார். “நீலம்மா!”

“ஆறாவது இடம்?”

“ரேடியோ. பதினைஞ்சு. நீலம்.” படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். “இங்கே காலி.”

“பெயின்டர் போடறதா இருந்தா அந்த டிராயரைத் திறந்து புது மஞ்சளைப் போட்டிருப்பார். கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பார். வேற இடத்துல இருந்து பிடுங்கி இங்க சொருகறது யாரு? டிராயர் எங்க இருக்குன்னு தெரியாத ஆள். கேட்கறதுக்கு வெளியில யாரும் இல்லாதப்போ வந்த ஆள்.”

டாக்டரம்மாதான் முதலில் பேசினாள். மெதுவாக.

“அதான் அன்னிக்குப் பாட்டுப் போடலையா?”

“ரேடியோ ரிப்பேர்” என்றார் டாக்டர்.

“காலையில என்னை இறக்கிவிட்டுட்டு நேரா இந்தக் கடைக்குத்தானே வந்தீங்க? அப்போ காது கிழியப் பாடுச்சே.”

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

“சாவி கார்லயே இருந்தது. யாரையும் காணோம். உறுமுச்சு, கிளம்பலை. ஃபியூஸ் பெட்டி மூடியைத் திறந்தா ஒரு இடம் காலி. சின்ன விஷயம், நானே போட்டுட்டேன். மெக்கானிக் இல்லாம நானே கிளப்பிட்டேன்னு உன்கிட்ட சொல்லிக்கலாம்னுதான்... உன் கை வெந்த பிறகு எப்படிச் சொல்றது? சாயங்காலம் அவர் இறந்துட்டார்னு சொன்னாங்க.”

“பதில் சொல்ல ஆள் இல்லைன்னதும் பழியைத் தூக்கி அவர் மேல வச்சுட்டீங்க” என்றாள் டாக்டரம்மா. கட்டுப் போட்ட கையை அவர் பிடிக்க வந்தபோது விலக்கிக்கொண்டாள்.

“காலி இடத்தைப் பார்த்தா அடைக்காம இருக்க முடியுமா பல் டாக்டரால?” என்று பெயின்டர் முணுமுணுத்தார்.

இன்ஸ்பெக்டர் பழைய அறிக்கையை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். டாக்டரைப் பார்த்து, “நீங்க என்னோட வாங்க” என்றார். கூட்டாளி தன் தாளைக் கிழித்தார். கிழித்ததையே மறுபடி கிழித்துக்கொண்டிருந்தார்.

மஞ்சள் ஃபியூஸ் சாட்சிப் பொருள் ஆனது. இன்ஸ்பெக்டர் ரசீது எழுதி நீட்டினார். அக்கா வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“மஞ்சள் பிளாஸ்டிக் துண்டுன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆஸ்பத்திரி சீட்டுல அப்படித்தான்...”

“அந்த நர்சம்மாவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.”

இன்ஸ்பெக்டர் அடித்துவிட்டு எழுதினார்: பெட்ரோல் பம்ப் ஃபியூஸ், இருபது ஆம்பியர். வேலை முடியாததால் மெக்கானிக்கால் கழற்றி வைக்கப்பட்டது. ஒரு கணம் யோசித்து, ‘மெக்கானிக்’ என்ற சொல்லுக்கு முன்னால் தம்பியின் முழுப் பெயரையும் எழுதினார். எழுதியபின், கூப்பிடாமலே எல்லோரும் ஒருமுறை வாசல் பலகையை நிமிர்ந்து பார்த்தார்கள்.

பிற்பகல் 2.00. சலவைக்கடை. அக்கா அந்த நீலச் சட்டையைத் துவைத்தாள். எல்லாக் கறையும் போனது. பையின் விளிம்பில் மட்டும் ஒரு பெருவிரல் ரேகை, எண்ணெயில் பதிந்தது, அப்படியே நின்றது. ஃபியூஸை உள்ளே போட்ட விரல். அதை எடுக்கும் மருந்து அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. முப்பது வருடத்தில் ஒரு கறையையும் அவள் தப்ப விட்டதில்லை.

அதைச் சுற்றி இஸ்திரி போட்டு, ரேகை வெளியே தெரியும்படி சட்டையை மடித்து, கடையில் எல்லோர் கண்ணிலும் படும் மேல்தட்டில் வைத்தாள்.